ஒரு நேரத்தில் ஒரு திரை

சீசனுக்கு அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
இருபது கேன் தண்ணீருக்கு ஒரு ரூபாய் குறைவு.
வியாசர்பாடியில் எந்தக் கணக்கையும்
கேனில்தான் போட வருகிறது எனக்கு.

"இன்னாக்கா, காசு குடுத்தா பாக்குற?"
செல்போன் கடை ஷபீர் சிரித்தான்.
ஒரு லிங்க் அனுப்பினான். ஓசி.
ஓடத்தான் ஓடியது,
திக்கித் திக்கி.
ஆனால் திரையின் அடியில்
சூதாட்ட விளம்பரப் பட்டை ஒன்று
மஞ்சளில் மினுக்கி மினுக்கி
மாற்று ஆட்டக்காரிகள் உட்காரும் பெஞ்சை
அளவெடுத்தாற்போல மூடியிருந்தது.

மைதானம் முழுக்க இலவசம்.
என் தங்கைக்கு மட்டும் காசு.

ஜெனிட்டா இரண்டாவது கோல்கீப்பர்.
முதல் கோல்கீப்பருக்குக்
காய்ச்சல்கூட வருவதில்லை.
அந்தப் பெண்ணை நான் சபித்ததில்லை.
ஒரே ஒரு முறை,
கார்னர் கிக்கில் அவள் விழுந்து கிடந்தபோது
எழுந்திருக்க வேண்டாமே என்று நினைத்தேன்.
எழுந்துவிட்டாள்.
மறுநாள் மருந்துக்கடையில்
முழங்கால் பட்டை கேட்டு நின்றவரின்
முகத்தைப் பார்க்காமல் பில் போட்டேன்.

கட்டினேன், கல்லாவில் நின்றபடியே.
படம் சுத்தம். ஒவ்வொரு புல்லும் தனித்தனி.
கேமராதான்
திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரி
பந்தின் பின்னாலேயே அலைகிறது.
பெஞ்சுப் பக்கம் பந்து வெளியே போனால் உண்டு:
த்ரோ எறிபவளின் தோளுக்கு அப்பால்
ஆரஞ்சு மேலங்கியில் ஒருத்தி
நகம் கடித்துக்கொண்டிருப்பாள்.
இன்னும் விடவில்லை அந்தப் பழக்கத்தை.

பதினோரு ஆட்டம்.
பழைய பில்லின் முதுகில் எழுதி வைத்திருக்கிறேன்.
நான்கு. இரண்டு. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
ஐந்து, தண்ணீர் பாட்டில் தூக்கிப் போட்டாள்.
அப்படியே போய்
மொத்தம் பத்தொன்பது விநாடி.
விநாடிக்கு முப்பத்தாறு ரூபாய் எழுபத்தொன்பது காசு.
ஒரு கேன், அதற்கு மேல் சில்லறை.
வர்ணனையில் அவள் பெயர் வரவேயில்லை.
வந்த நேரத்தில்
ஜீவா ஸ்டேஷனில் ரயில் போயிருக்கலாம்,
அடித்துச் சொல்ல முடியாது.

பன்னிரண்டாவது, ஞாயிறு நான்கு மணிக்கு.
மிளகாய்த்தூள் டப்பாவில் போனைச் சாய்த்தேன்.
வரிசையாக நின்றார்கள்,
கேமரா முகம் முகமாக நகர்ந்தது,
திரை கறுத்தது.
'இந்தக் கணக்கு
வேறொரு கருவியில் பார்க்கப்படுகிறது.'

ஷபீரைத் திட்ட வாயெடுத்தேன்.
பாஸ்வேர்டு தெரிந்தது இருவருக்குத்தான்.
"மத்த டீம்காரிங்க பெனால்ட்டிய
எந்தப் பக்கம் அடிக்கிறாங்கன்னு பாக்கணும்க்கா,
எங்களுக்கே ஓசில காட்ட மாட்டேன்றாங்க"
என்று போன மாதம் கேட்டு வாங்கியவள்.

அடுப்பில் குழம்பு சுண்டிக்கொண்டிருந்தது.
ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு ஹாஸ்டல் அறை.
தலையணைமேல் நிறுத்திய போன்.
இன்று பெஞ்சிலும் இடமில்லை அவளுக்கு.

சொல்ல மாட்டாள்.
ராத்திரி கூப்பிட்டு
"மேட்ச் பாத்தியாக்கா?" என்பாள்.
பார்த்தேன் என்பேன்.

செய்திக்குக் கீழே ஒரு பொத்தான்:
'இங்கே பார்க்க.'
தொட்டால் அங்கே கறுக்கும்.
தொண்ணூறு நிமிடம், இடைவேளை பதினைந்து,
காயத்துக்குக் கொடுத்த நேரம் எவ்வளவோ,
அதையும் சேர்த்து
விரலை மடக்கி வைத்திருந்தேன்.

"இன்னாக்கா, குடுத்த காசு தேறுச்சா?"
ரீசார்ஜுக்குப் போனபோது ஷபீர்.

கேன் நாற்பதாகிவிட்டது, தெரியுமா என்றேன்.
இப்போது ஒரு விநாடி
அதைவிட மலிவு.